பேய்ஹேய், பூன்சிங், பிறவிக்குணம்

போன கிழமை மொழிபெயர்ப்பு வகுப்பு முடிந்து நான் வின்ரர் கோட் மாட்டிக்கொண்டு நின்றபோது உங்களில் ஒருத்தி வந்து, "அன்ரி, சுபாவம் எண்டதுக்கு இங்கிலிஷிலை கரெக்ட் வேர்ட் என்ன? நேச்சரா, கரக்டரா, டெம்பரா?" என்று கேட்டாள். பஸ் வருகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். பஸ் வர இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் வாசலில் நின்று சொல்லக்கூடியது இல்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரொறன்ரோ நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். உங்களுக்கு முதல் வகுப்பிலேயே மூன்று விதி படிப்பித்திருப்பார்கள்: கூட்டாதே, குறைக்காதே, மாற்றாதே. நல்ல விதிகள்தான். நானும் அந்த மூன்றுக்கும் சத்தியம் செய்துதான் தொடங்கினேன். அந்த மூன்றையும் ஒரே காலையில், ஒரே மூச்சில் உடைத்தேன். அதைப் பற்றித்தான் இது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில் இருந்த சீன உணவகத்தின் சமையலறையில் நின்றேன். இறால் உரிப்பது, கீரை கழுவுவது, பெரிய சட்டிகளைத் தேய்ப்பது. ஊரில் நான் ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர். இறாலுக்கு அது தெரியாது.

அங்கே தலைமைச் சமையல்காரர் நெருப்பு மாதிரி. மத்தியானக் கூட்டம் வந்துவிட்டால் கரண்டி பறக்கும். அவர் கத்தத் தொடங்கியதும், பக்கத்தில் நின்று சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிற சீனப் பெண் என்னைப் பார்த்து "பேய்ஹேய், பேய்ஹேய்" என்று முணுமுணுப்பாள். எனக்குக் கேட்டதெல்லாம் பேய்தான். சீனரும் பேயைப் பேய் என்றுதான் சொல்கிறார்கள் என்று வீட்டில் கணவருக்குப் பெருமையாகச் சொன்னேன். அவரும் ஏதோ பெரிய கண்டுபிடிப்பைக் கேட்டவர் போலத் தலையாட்டினார்.

அந்தப் பெண் அதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்வாள்: "பூன்சிங் ஹோ." ஹோ என்றால் நல்லது என்று எனக்குத் தெரியும். பூன்சிங் யார்? மரக்கறி லொறி கொண்டுவருகிற சீக்கியர் ஒருவர் இருந்தார். சமையல்காரருக்குப் பேய் பிடித்தால் பூன் சிங் என்ற அந்த நல்ல மனிதர்தான் வந்து அடக்குவார் போல என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் பின்கதவில் நின்று "மிஸ்டர் பூன் சிங்!" என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் திரும்பவேயில்லை. சீனப் பெண் சிரித்துச் சிரித்து அரிசி மூட்டைக்கு மேலே இருந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் விளக்கினாள். அவளிடம் ஆங்கிலம் இருபது சொல் இருக்கும், மிச்சத்துக்குக் கை. விலாவுக்குக் கீழே வயிற்றில் தட்டி "பேய்ஹேய்" என்றாள். கையை மேலே எழுப்பிக் கொதிக்கிற தண்ணீர் மாதிரிக் காட்டி, பிறகு ஊதி, கீழே இறக்கினாள். எழும்பும், அடங்கும். பிறகு உள்ளங்கையை நெஞ்சில் வைத்து "பூன்சிங்" என்றாள். குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையையும் வைத்துக் காட்டிவிட்டு, மறுபடியும் நெஞ்சைத் தொட்டாள். பிறக்கும்போதே உள்ளே இருப்பது. சமையல்காரருக்கு வயிற்றுக் கோபம் பொல்லாதது, நெஞ்சுக் குணம் தங்கம். இதைத்தான் அத்தனை நாளும் எனக்கு ஆறுதலாகச் சொல்லியிருக்கிறாள், நான் பேயையும் லொறிக்காரரையும் நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவர்கள் பேசிய கன்ரனீஸ் என்ற சீன மொழியில் நான் படித்தது இவ்வளவும்தான். இந்த இரண்டு சொல், கொஞ்சம் மரக்கறிப் பெயர், கொஞ்சம் ஏச்சு.

இனி நீதிமன்றத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, பெப்ரவரி மாதம். நான் இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. குடும்ப நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. எங்கள் பெண் ஒருத்தியின் ஐந்து வயது மகளைச் சிறுவர் பராமரிப்பு அலுவலகம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அவளைத் தாய் என்றே சொல்கிறேன். முப்பது வயதுகூட இல்லை. கணவர் இன்னும் கொழும்பில், கடதாசி சரிவரவில்லை. இவள் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் காலை வேலை. பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு பனிக்காலைப் பொழுது, அந்த அம்மாவின் வாசலில் பிள்ளை தாயை விடமாட்டேன் என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். தொழிற்சாலை வான் தெருவில் நின்று ஹோர்ன் அடிக்கிறது. அந்த மாதம் இரண்டு முறை பிந்திவிட்டாள், மூன்றாம் முறை என்றால் வேலை இல்லை. தாய் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிள்ளையின் காது கதவு நிலையில் அடிபட்டது. மத்தியானம் பாலர் வகுப்பு ரீச்சர் காதைப் பார்த்தார். பின்னேரம் பிள்ளை வீட்டுக்கு வரவில்லை. மேல்வீட்டுக்காரரும் முன்பே இரண்டு தரம் சத்தம் கேட்கிறது என்று போன் பண்ணியிருந்ததால், விடயம் பெரிதாகிவிட்டது.

நீதிபதி முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். அது களைப்பிலும் அவசரத்திலும் வந்த கோபமா, அல்லது இந்தப் பெண்ணே அப்படியான ஆளா? முதலாவது என்றால் பிள்ளை வீட்டுக்கு வருவாள், யாராவது வந்து பார்த்துக்கொண்டு போவார்கள். இரண்டாவது என்றால் பிள்ளை நிரந்தரமாக வேறு குடும்பத்துக்குப் போவாள். மூன்று மாதமாகத் தாய் பிள்ளையை ஓர் அலுவலக அறையில் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வாசலில் விழுந்த அந்த அடியைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி சீன அம்மா. அவரை அலுவலகத்தின் வழக்கறிஞர்தான் கூப்பிட்டிருந்தார். கன்ரனீஸ் மொழிபெயர்க்க என்னைவிடப் பத்து வயது இளையவள் ஒருத்தி, அவளைக் கன்ரனீஸ் பிள்ளை என்றே சொல்கிறேன். அந்தக் கட்டிடத்திலேயே அவளைப் போலத் துப்புரவாக வேலை செய்கிறவர்கள் இல்லை. சாட்சி கன்ரனீஸில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் அதைத் தாயின் காதுக்குள் தமிழில் சொல்ல வேண்டும். மூன்று கிணறு தாண்டி வருகிற தண்ணீர். நடுவில் யாராவது இருமினாலும் ஒரு சொல் போய்விடும்.

காலை ஒன்பதரைக்குத் தொடங்கி இடைவேளையே இல்லை. நீதிபதிக்குப் பின்னேரம் வேறு வழக்கு இருந்தது. கன்ரனீஸ் பிள்ளை இரண்டு தரம் தண்ணீர் குடித்ததைக் கண்டேன். குரல் கட்டியிருந்தது.

அலுவலகத்தின் வழக்கறிஞர் கேட்டார்: "இந்தத் தாயை இரண்டு வருடமாகத் தெரியும் என்கிறீர்கள். எப்படிப்பட்டவர்?"

சீன அம்மா தாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விலாவுக்குக் கீழே வயிற்றில் கையை வைத்து ஏதோ சொன்னார். என் காதில் விழுந்தது "பேய்ஹேய்." கையை எழுப்பி நெஞ்சில் வைத்து இன்னொன்று சொன்னார். "பூன்சிங் ஹோ ஹோ." சமையலறையில் கேட்ட அதே இரண்டு சொல்.

கன்ரனீஸ் பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஷி இஸ் ஹொட்-டெம்பர்ட் பை நேச்சர். பட் எ நைஸ் பேர்சன்." இயல்பிலேயே கோபக்காரி, ஆனால் நல்ல ஆள்.

வயிற்றில் இருந்த சொல்லுக்கு நெஞ்சில் இருந்த சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாள். நெஞ்சுக்கு மிஞ்சியது ஒரு "நைஸ்." அயலவரைப் பற்றி மரியாதைக்கு யாரும் சொல்கிற சொல். வழக்கறிஞர் உடனே பிடித்துக்கொண்டார். "இயல்பிலேயே என்றால், அன்றைக்கு மட்டும் வந்த கோபம் இல்லை. அப்படித்தானே?" அது திரும்பக் கன்ரனீஸுக்குப் போனது. சீன அம்மா குழப்பத்தோடு தலையாட்டி ஆம் என்றார். நீதிபதி பேனையை எடுத்து ஒரு வரி எழுதினார்.

இதற்கிடையில் நான் என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். "பை நேச்சர்" என்று வந்த அந்த வசனத்தைத் தாயின் காதில் தமிழில் சொன்னேன். என்ன சொல் போட்டேன் என்பதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அந்த நேரம் எனக்கே அது தெரியாது. தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் காதில் சொன்ன எதையும் அவள் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கோ வேறு நினைவு. மற்ற மொழிபெயர்ப்பாளர் பிழை விட்டுவிட்டாள், நான் பிடித்துவிட்டேன் என்ற நினைவு.

அதன் பிறகுதான் பதினைந்து நிமிடம் இடைவேளை விட்டார்கள்.

உங்களைக் கேட்கிறேன், நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? நான் தமிழுக்கு மட்டும் சத்தியம் செய்தவள். கன்ரனீஸைப் பற்றி வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை. தாயின் வழக்கறிஞரிடம் சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்தவள் ஆகிவிடுவேன். நீதிபதியிடம் சொன்னால், எங்கே படித்தாய் என்று கேட்பார், இறால் உரித்த இடத்தில் என்று சொல்ல வேண்டும். என் காது பிழையாகவும் இருக்கலாம், லொறிக்காரரைப் பூன் சிங் என்று கூப்பிட்டவள்தானே. பேசாமல் இருந்தால் ஒரு பிள்ளை போய்விடும். பொல்லாத பதினைந்து நிமிடம்.

நான் நேரே கன்ரனீஸ் பிள்ளையிடம் போனேன். தண்ணீர் குழாயடியில் நின்றாள்.

"கோபிக்காதே. அந்த அம்மா சொன்னது பேய்ஹேயா, பூன்சிங்கா?"

அவள் முகம் இறுகியது. "உனக்குக் கன்ரனீஸ் தெரியுமா?"

"தெரியாது. இரண்டு சொல் தெரியும்."

"எங்கே படித்தாய்?"

"சமையலறையில்."

"சமையலறை," என்றாள், அந்தச் சொல்லைக் குப்பைக் கூடைக்குள் போடுவது போல. "நான் எட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். நீ எனக்குச் சமையலறையைக் கொண்டு வருகிறாய்."

எனக்கும் கோபம் வந்தது. என் வயிற்றிலும் பேய்ஹேய் இல்லாமல் இல்லை. "அவர் வயிற்றில் கைவைத்ததை நீ பார்க்கவில்லை. நீ கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். முதலில் வயிறு, பிறகு நெஞ்சு," என்றேன்.

அவள் கையிலிருந்த குறிப்புக் கொப்பியைத் திறந்தாள். சாட்சி சொல்வதைச் சீன எழுத்தில் குறித்து வைப்பது அவள் வழக்கம். பக்கத்தைப் புரட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. இரண்டு சொல், நடுவில் ஒரு கோடு.

"சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்," என்றாள். குரலில் இருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. "வாயால்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன்."

பேனையால் எனக்குக் காட்டினாள். பூன்சிங்கில் வருகிற சிங் என்ற எழுத்துக்கு இடது பக்கம் இதயம், வலது பக்கம் பிறப்பு. இதயத்தோடு கூடப் பிறந்தது. அதை மனிதரைப் பற்றிச் சொல்வதென்றால் யோசித்துத்தான் சொல்வார்களாம். பேய்ஹேயில் வருகிற முதல் எழுத்து வயிற்றுக்குள் இருக்கிற ஓர் உறுப்பு, இரண்டாவது காற்று. "சாப்பிடாவிட்டால், நித்திரை இல்லாவிட்டால் வருவது. என் அம்மாவுக்குத் தினமும் வரும்," என்றாள். பிறகு கொப்பியை மூடி, "நான் நீதிபதியிடம் சொல்கிறேன்," என்றாள். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. எட்டு வருடம் கட்டிக் காத்த பெயர். அந்தத் துணிச்சலைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் ஏன் வெட்கம் என்று அப்போது விளங்கவில்லை.

அந்த நேரம் தாயின் வழக்கறிஞர் பக்கத்து அறைக் கதவைத் திறந்து என்னைக் கையால் கூப்பிட்டார். உள்ளே தாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"அக்கா, லோயரிட்டைச் சொல்லுங்கோ, நான் சைன் வைக்கிறன்."

ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கோப்பிக் கப்பை வாயிலிருந்து எடுத்தார். எதில் கையெழுத்து என்று கேட்டார்.

"பிள்ளையைக் குடுக்கிற பேப்பரிலை."

அந்தக் கடதாசி அவருடைய கோப்பில் இருந்தது. தாய் சம்மதித்தால் வழக்கு அன்றே முடியும் என்று மறுதரப்பு போன கிழமை அனுப்பியது. போன கிழமை அதைத் தொடவே மாட்டேன் என்று சொன்னவள் இவள்.

"ஏன்? நான் இன்னும் அந்த அம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே," என்றார் வழக்கறிஞர்.

தாய் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அவ பொய் சொல்லாத மனிசி. என்ரை பிள்ளை காய்ச்சலிலை கிடக்கேக்கை மடியிலை வைச்சிருந்தவ. அவவே சொல்லிப்போட்டா, என்ரை பிறவிக்குணம் உதுதான் எண்டு. எங்கடை ஐயாவும் உப்பிடித்தான், சும்மா சும்மா கை நீட்டுவர். அம்மாக்கு ஒரு காது கேக்காது. அப்ப அது எனக்கும் வந்திட்டுது. பிறவியிலை வந்ததை நான் எங்கை கொண்டுபோய் எறியிறது, அக்கா? பிள்ளை அங்கையே இருக்கட்டும். அங்கையெண்டாலும் அடி விழாது."

நான் வசனம் வசனமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறவிக்குணம் என்ற இடம் வந்தது. "போர்ன் வித் இற்" என்று என் வாய் சொன்னது. வழக்கறிஞர் பேனையை நிறுத்தினார்.

"பிறவியிலேயே என்று யார் சொன்னது? காலை முழுக்க நான் இருந்தேன். அந்தச் சொல்லை நான் கேட்கவில்லையே."

அவர் கேட்டிருக்க முடியாது. சீன அம்மா சொல்லவில்லை. கன்ரனீஸ் பிள்ளையும் சொல்லவில்லை. "பை நேச்சர்" என்று வந்ததற்கு நான் தாயின் காதில் போட்ட தமிழ் இதுதான்: "பிறவிக்குணமே கோவக்குணம் எண்டு சொல்லுறா." சுபாவம் என்று சொல்லியிருக்கலாம். கெதியாகக் கோபம் வருகிற ஆள் என்று சொல்லியிருக்கலாம். அரை விநாடியில் மூன்று சொல் முன்னால் நின்றன, நான் கதவைப் பூட்டுகிற சொல்லை எடுத்தேன். போதாததற்கு, "ஆனால் நல்ல ஆள்" என்ற வாலையும் விட்டுவிட்டேன். அடுத்த கேள்வி அவசரமாக வந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மை இல்லை.

உண்மை இது. அன்று காலை அந்தக் காதின் படத்தை நான் பார்த்திருந்தேன். வழக்கறிஞர் தாய்க்குக் காட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். சின்னக் காது, மேல் விளிம்பு நீலம் பாரித்து வீங்கிக் கிடந்தது. நானும் இரண்டு பெற்றவள். தாய் வாய் திறக்க முன்பே, இவள் எப்படிப்பட்டவள் என்று நான் தீர்மானித்துவிட்டேன். அந்தத் தீர்மானத்துக்கு ஏற்ற சொல் தானாக வந்தது. அதை நான் வெறுப்பு என்றுதான் சொல்வேன், வேறு நல்ல பெயர் வைக்க விருப்பமில்லை.

அங்கேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். வழக்கறிஞர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. நான் சொன்னேன்: "கன்ரனீஸ் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நடந்துவிட்டது. அவர் உள்ளே போய்த் திருத்தப் போகிறார். அதுவரை பொறுங்கள்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. முழுவதும் சேர்ந்து பொய். பிள்ளையையும் காப்பாற்றலாம், என்னையும் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். வழக்கறிஞர் கடதாசியைத் தாயின் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தார். எல்லோரும் உள்ளே போனோம்.

கன்ரனீஸ் பிள்ளை எழுந்து நின்று குரல் நடுங்காமல் சொன்னாள். சாட்சி சொன்னது கோபத்தைப் பற்றி, இயல்பைப் பற்றி அல்ல. இயல்பைப் பற்றிச் சாட்சி தனியாக ஒன்று சொன்னார், அது மிக நல்லது என்பதுதான். தவறு மொழிபெயர்ப்பாளருடையது. நீதிபதி முன்பு எழுதிய வரியைத் தேடி வெட்டினார். அவளுக்கு நன்றி சொன்னார். மறுதரப்பு வழக்கறிஞர் எரிச்சலோடு கோப்பை மூடினார்.

நான் தாயின் காதில் சொன்னேன். இந்த முறை ஒன்றும் விடாமல், ஒன்றும் கூட்டாமல். "கெதியிலை கோவம் வரும், ஆனா இயல்பு நல்ல இயல்பு எண்டுதான் சீன அம்மா சொன்னவவாம். பிழை மொழிபெயர்த்த அந்தப் பிள்ளையிலையாம்."

தாய்க்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து கன்ரனீஸ் பிள்ளையை நோக்கிக் கையை நீட்டினாள். "அப்ப என்ரை பிறவிக்குணம் எண்டு சொன்னது உவளோ? நான் என்ன செய்தனான் உவளுக்கு? நான் பிள்ளையை எழுதிக் குடுக்கப் பாத்தன். உவள்தானே என்னை அப்பிடிச் சொல்ல வைச்சவள்?"

"என்ன சொல்கிறார்?" என்று நீதிபதி கேட்டார்.

சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். தான் பிறவியிலேயே அப்படி என்று சொன்னது அவளா என்று கேட்கிறார் என்றேன். கன்ரனீஸ் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். தான் சொல்லாத ஒரு சொல்லுக்குத் தன்னை ஒருத்தி விரல் நீட்டுகிறாள், எதற்கென்று தெரியவில்லை. கொப்பியைத் திறந்து அவசர அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினாள். தன் பிழையைத் தானே ஒத்துக்கொண்டு நின்றவள், இப்போது இல்லாத இன்னொரு பிழையைத் தன் கொப்பிக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

அதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எழுந்தேன்.

"நீதிபதி அவர்களே, தமிழ் மொழிபெயர்ப்பாளரும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும்."

அங்கே எங்களை நாங்களே மொழிபெயர்ப்பாளர் என்றுதான் சொல்ல வேண்டும், அது உங்களுக்குத் தெரியும். நான் சொன்னேன். "பை நேச்சர்" என்பதற்குத் தமிழில் பல சொற்கள் உண்டு. மொழிபெயர்ப்பாளர் அவற்றுள் மிகக் கடுமையானதைப் போட்டார். அதற்குப் பொருள், பிறப்பிலேயே வந்தது, மாறாதது. ஆங்கிலத்தில் அப்படி எவரும் சொல்லவில்லை. "நல்ல ஆள்" என்று வந்ததையும் மொழிபெயர்ப்பாளர் தாய்க்குச் சொல்லவில்லை. இடைவேளையில் தாய் எடுத்த முடிவுக்கு இதுவே காரணம்.

நீதிபதி பேனையைக் கீழே வைத்தார். "இதைத் தாய்க்கும் தமிழில் சொல்லுங்கள், இப்போதே," என்றார்.

அவளிடம் திரும்பினேன். "அந்தப் பிள்ளை சொல்லேல்லை. பிறவிக்குணம் எண்ட சொல்லு நான் போட்டது. நல்ல ஆள் எண்டும் சொன்னவை, அதை நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

பிள்ளை திரும்ப வந்தாளா என்று நீங்கள் கேட்பீர்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் வந்தாள். கிழமைக்கு ஒரு முறை ஒருவர் வந்து பார்த்துப் போனார். அதே சீன அம்மாதான் தொடர்ந்து பார்த்துக்கொண்டார். என்னை அந்த நீதிமன்றம் நாலு மாதம் கூப்பிடவில்லை. அது நியாயம்தான். கன்ரனீஸ் பிள்ளை அன்று பின்னேரமே எனக்குக் கோப்பி வாங்கித் தந்தாள், நான் அதை வாங்கக் கூசினேன்.

ஆனால் அன்று அந்த அறையில் இன்னும் ஒன்று நடந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாய் கத்தவில்லை. மெதுவாகக் கதிரையில் இருந்தாள். நீட்டிய கையை மடிக்குள் எடுத்து வைத்தாள். பிறகு சாதாரணமாக, விலை கேட்பது போலக் கேட்டாள்:

"ஏன் என்னைப் பற்றி அப்பிடி நினைச்சனீங்கள்?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். என் வேலையைச் செய்தேன். "ஏன் என்னைப் பற்றி அப்படி நினைத்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கேள்வி தன்னிடம் என்று நீதிபதி எண்ணிவிட்டார். "அம்மா, நான் உங்களைப் பற்றி இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்," என்று அன்பாகவே சொன்னார். அதைத் தமிழில் சொன்னேன்.

தாய் இல்லை என்று தலையசைத்தாள். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் அவரைக் கேக்கேல்லை, அக்கா. உங்களைத்தான் கேட்டனான்."

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்றார்.

அதையும் நான்தான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.